ராமேஸ்வரத்துல நாலு நாள் சும்மா இருக்குறது எப்படி: கடல், புள்ளைங்க, கொஞ்சம் பூநாரை

மொதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். நாங்க மதுரை. எங்களுக்கு ராமேஸ்வரம்னா விடியக்காலை 3 மணிக்கு வண்டி எடுத்து, 22 தீர்த்தம் ஆடி, ஈரத்துணியோட சாமி பாத்து, தனுஷ்கோடில நின்னு போட்டோ எடுத்துட்டு ராத்திரி 11 மணிக்கு வீடு வந்து சேர்ற ஊரு. பல வருஷம் அப்படித்தான் போயிருக்கோம். அப்படி ஒரு தடவ போறப்ப கோதண்டராமர் கோயில் பக்கத்துல தண்ணிக்குள்ள வெள்ளையா ஒரு கோடு தெரிஞ்சுது, உப்பு நுரையா இருக்கும்னு நெனச்சு வண்டிய நிறுத்தாம போயிட்டோம். திரும்பி வர்றப்ப அந்த நுரை எந்திரிச்சு பறக்குது, ரெக்கைக்கு அடில அப்படியே ரோஸ் கலர்! வீட்டுக்காரர் பிரேக்குல கால வைக்குறதுக்குள்ள பின்னாடி வந்த வேன்காரர் ஆரன் அடிச்ச அடில வண்டிய நகத்தவேண்டியதாப் போச்சு. பூநாரைய, அதான் பிளமிங்கோவ, மொதமொதல்ல நாங்க பாத்தது ரியர்வியூ கண்ணாடிலதான்.

அதுக்கப்பறம் வருஷத்துக்கு ஒருக்கா, தை மாசத்துல, நாலு நாள் அங்க போய் சும்மா இருந்துட்டு வர்றது எங்க வீட்டுப் பழக்கமாயிடுச்சு. இது பறவை எக்ஸ்பர்ட்டுங்களுக்கு எழுதுறது இல்ல. மூட்டுவலியோட ஒரு மாமியார், சின்னப் புள்ளைங்க ரெண்டு, "லீவுலயாவது தூங்க விடு"ன்னு பொலம்புற ஒரு வீட்டுக்காரர், இப்படி இருக்குற குடும்பம் எப்படி ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் சுளிக்காம போயிட்டு வர்றதுன்னுதான் எழுதுறேன். ரகசியம் ஒண்ணுதான்: காலைல ரெண்டு மணி நேரம், சாயங்காலம் ரெண்டு மணி நேரம், இது மட்டும் பறவைக்கு. நடுவுல இருக்குற பொழுதெல்லாம் கடல், சாப்பாடு, தூக்கம். இதுக்கு மேல எதையாவது சொருகினீங்கன்னா மறுபடியும் பழைய ராமேஸ்வரம் டூராயிடும்.

எப்ப போறதுங்குறதுதான் பாதி விஷயம். ஐப்பசி, கார்த்திகை வேணாம், ராமநாதபுரம் மாவட்டத்துக்கு வருஷத்துல கெடைக்குற மழைல பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழைதான், அந்த நேரத்துல புயல் சின்னம்னு ஒண்ணு உருவாச்சுன்னா ரூம்ல உக்காந்து டிவி பாக்கவேண்டியதுதான். மார்கழில பறவையெல்லாம் வந்திருக்கும், ஆனா ஐயப்ப சாமிங்க கூட்டம், அரையாண்டு லீவு கூட்டம், ரெண்டும் சேந்துக்கும். ஜனவரி நடுவுலேந்து பிப்ரவரி கடைசி வரைக்கும்தான் எங்க கணக்குல சரியான நேரம். மழை நின்னிருக்கும், வெயில் உறைக்காது, காலைல லேசா குளிரும், குளம் கண்மாய்ல தண்ணி கெடக்கும். ஆனா காலண்டர்ல தை அமாவாசை என்னிக்குன்னு பாத்துட்டு ரூம் போடுங்க, இத நான் கெஞ்சிக் கேக்குறேன். நாங்க ஒரு வருஷம் பாக்காம போட்டுட்டோம், அன்னிக்கு அக்னி தீர்த்தத்துல கால் வைக்க எடமில்ல, பாம்பன் பாலத்துக்கு முன்னாடியே வண்டி எறும்பு ஊர்ற மாதிரி ஊருது, சின்னவளுக்கு பாத்ரூம் வேற வந்துருச்சு. அந்த அமாவாசைக்கு முன்னாடி பின்னாடி ரெண்டு நாள் விட்ருங்க. பொங்கல் லீவத் தவிர வேற லீவே இல்லைங்குறவங்க பொங்கலுக்கே போங்க, அதுக்கும் ஒரு வழி இருக்கு, கீழ சொல்றேன்.

தங்குறதுக்கு ரெண்டு எடம் இருக்கு. கோயிலச் சுத்தி தங்குனா எல்லாம் கைக்கெட்டுற தூரத்துல இருக்கும், ஆனா விடியக்காலைலேந்து வேன் சத்தமும் மைக் சத்தமும் இருக்கும். இன்னொன்னு பாலத்துக்கு இந்தப் பக்கம், மண்டபம், உச்சிப்புளி, அரியமான் பக்கம். சவுக்குத் தோப்பு, மணல், அலையே இல்லாத கடல்னு ஊரு அடங்கிக் கெடக்கும். நாங்க மொத ரெண்டு நாள் அரியமான் பக்கமும் கடைசி ரெண்டு ராத்திரி ராமேஸ்வரத்துலயும் தங்குறோம், அத்தை கோயிலுக்குப் போகணும், அதையும் விட முடியாதுல்ல. ரூம் போடுறப்ப போன்ல மூணு கேள்வி கேளுங்க: கீழ்த்தளத்துல ரூம் இருக்கா, குளிக்குற தண்ணி உப்பா நல்ல தண்ணியா, காலைல 5 மணிக்கு டீ கெடைக்குமா. மூணாவது கேள்விக்கு "கெடைக்காது"ன்னு சொன்னா ஒரு கெட்டிலும் டீத்தூளும் எடுத்து வச்சுக்கோங்க. டீ குடிக்காத வீட்டுக்காரர எழுப்பி பறவை பாக்க கூட்டிட்டுப் போறதெல்லாம் நடக்காத காரியம்.

ட்ரெயின்ல வர்றவங்களுக்கு நல்ல காலம். பழைய பாம்பன் பாலத்துல 2022 டிசம்பர்ல ரயில நிறுத்துனாங்க, 1914ல கட்டுன பாலம், பாவம் அதுவும் எவ்ளோதான் தாங்கும். புதுப் பாலத்த 2025 ஏப்ரல்ல தொறந்தாங்க, கப்பல் வந்தா நடுவுல ஒரு துண்டு அப்படியே லிப்ட் மாதிரி மேல போகும். மதுரைலேந்து ட்ரெயின்ல வந்தா கடல் மேல போறப்ப புள்ளைங்க ரெண்டு பேரும் ஜன்னல்ல ஒட்டிக்குவாங்க, அப்பவே பறவை பாக்குறது ஆரம்பிச்சிரலாம். பாலத்த ஒட்டி செம்பருந்து வட்டம் போடும், நம்ம ஊர்ல கருடன்னு கன்னத்துல போட்டுக்குவோமே அதேதான், செங்கல் கலர் ஒடம்பு, வெள்ளைத் தலை. கார்ல வந்தா மதுரைலேந்து 170 கிலோமீட்டர் சொச்சம். ரோட்டுப் பாலத்து மேல எல்லாரும் வண்டிய நிறுத்தி செல்பி எடுப்பாங்க, நீங்களும் நிறுத்தாதீங்க. பின்னாடி வர்ற பஸ்ஸு கடலப் பாக்காது.

இப்ப கடல். வெளியூர்க்காரங்களுக்கு அங்க இருக்குறது ஒரே கடல், ஆனா அந்த ஊர்க்காரங்களுக்கு ரெண்டு கடல். பாக் நீரிணைப் பக்கம் வடகடல், மன்னார் வளைகுடாப் பக்கம் தென்கடல். பனிக்காலத்துல வாடைக்காத்து அடிக்குறதால வடகடல்தான் கொந்தளிக்கும், தென்கடல் தூங்கும். ஆனி ஆடில அப்படியே மாறிப்போயிரும். அதனால காலைல எந்திரிச்சு காத்து எங்கேந்து வருதுன்னு பாத்துட்டுத்தான் இன்னிக்கு எந்தக் கரைன்னு முடிவு பண்ணணும், தெரியலன்னா வலை உலத்திட்டு இருக்குறவங்ககிட்ட "அண்ணே, இன்னிக்கு எங்கிட்டு அமைதியா இருக்கும்"னு கேட்டாலே போதும், சொல்லிடுவாங்க. அரியமான் வடகடல்தான், ஆனாலும் ரொம்ப தூரத்துக்கு முழங்கால் ஆழம்தான் இருக்கும், வாடை ஓங்கி அடிக்காத நாள்ல புள்ளைங்கள தண்ணில விட்டுட்டு கரைல உக்காந்து வெங்காயம் உரிக்கலாம், அவ்ளோ பயமில்லாத எடம். கண்ணு மட்டும் தண்ணி மேலயே இருக்கட்டும். தென்கடல் வேணும்னா பாம்பன் பக்கத்துல குந்துகால், விவேகானந்தர் சிகாகோ போயிட்டு 1897 ஜனவரில திரும்பி வந்தப்ப கால் வச்ச எடம், மண்டபமும் இருக்கு, சாயங்காலம் அத்தைய உக்கார வைக்க நல்ல எடம்.

ஆனா அரிச்சல்முனைல, அதான் தனுஷ்கோடி தாண்டி ரோடு முடியுற எடம், அங்க குளிக்கவே குளிக்காதீங்க. ரெண்டு கடலும் இடிச்சுக்குற எடம் அது, மேல பாக்க அழகா இருக்கும், அடில இழுவை ஜாஸ்தி, தரை திடீர்னு ஆழமாயிடும். போர்டு வச்சிருக்காங்க, போலீஸ் விசில் அடிச்சுட்டே இருப்பாங்க, அப்பவும் நம்மாளுங்க எறங்குவாங்க. எங்க வீட்டுல சட்டம் என்னன்னா அரிச்சல்முனைல செருப்ப கழட்டக்கூடாது, அவ்ளோதான். இன்னொன்னு, கரைல கண்ணாடி மாதிரி கொழகொழன்னு ஒதுங்கிக் கெடக்கும், சொறின்னு சொல்லுவாங்க, ஜெல்லி மீன். செத்ததுதானேன்னு தொட்டா அப்பவும் அரிக்கும், புள்ளைங்ககிட்ட முன்னாடியே சொல்லி வச்சிருங்க.

பறவைக்கு வருவோம். மொத நாளே தனுஷ்கோடிக்கு ஓடாதீங்க. மொத நாள் தங்கியிருக்குற எடத்துக்குப் பக்கத்துலயே கரையோரமா நடங்க. ஜனவரில சூரியன் வர்றதுக்கே ஆறரை தாண்டிரும், அதனால 6 மணிக்கு எழுப்பினா போதும், நாலு மணிக்கு அலாரம் வைக்குற சமாச்சாரமெல்லாம் வேணாம். மொத நாள்ல பேர் கண்டுபிடிக்கவும் ட்ரை பண்ணாதீங்க. நடவடிக்கைய மட்டும் பாருங்க. அலை வந்தா பொடிப்பொடியா கரைக்கு ஓடி, அலை திரும்புனா பின்னாடியே தொரத்திட்டு ஓடுற வெளிர் கலர் குட்டிங்க உள்ளான் கூட்டத்துல ஒண்ணு, சாண்டர்லிங்னு பேரு. எங்க சின்னவ அதுக்கு "கால் நனையக்கூடாது பார்ட்டி"ன்னு பேர் வச்சிருக்கா. கொஞ்சம் மேல, காஞ்ச மணல்ல, நாலடி ஓடும், சடார்னு நிக்கும், மறுபடி நாலடி ஓடும், ஸ்டாச்சு வெளையாடுற மாதிரி, அது உப்புக்கொத்தி. தண்ணி மேல மெதக்குறது, கும்பலா மணல்ல உக்காந்து எல்லாம் ஒரே பக்கம் பாத்துட்டு இருக்குறது கடற்காகம். வால் ரெண்டா பிரிஞ்சு, பறந்துட்டே இருந்து தலைகீழா தொபுக்குனு தண்ணில விழுறது ஆலா. இந்த நாலு மட்டும் தெரிஞ்சாலே கரைல பாக்குறதுல முக்காவாசிய பிரிச்சிரலாம், பேரெல்லாம் அப்பறம் தானா ஒட்டிக்கும்.

ரெண்டாவது நாள், இல்ல மூணாவது நாள், கோதண்டராமர் கோயில் ரோடு. ராமேஸ்வரத்துலேந்து தனுஷ்கோடி போற வழில ஏறக்கொறைய 12 கிலோமீட்டர்ல இடது பக்கம் ஒரு ரோடு பிரியும், ரெண்டு பக்கமும் தண்ணி கெடக்க நடுவுல போகும் பாருங்க, அதுதான். 1964 டிசம்பர் புயல் ராத்திரி தனுஷ்கோடிய மொத்தமா கொண்டுபோச்சு, ட்ரெயினயும் சேத்து, ஆனா இந்தக் கோயில் நின்னுச்சு. அத்தைக்கு அது போதும், உள்ள போய் உக்காந்துக்குவாங்க, நாங்க வெளில ரோட்டோரமா நின்னுக்குவோம், ரெண்டு தரப்பும் சந்தோஷம். அந்த ஆழமில்லாத தண்ணிதான் பூநாரைக்குப் புடிச்ச எடம். 2025 ஜூன்ல இந்தப் பகுதிய 500 ஹெக்டேருக்கு மேல பூநாரை சரணாலயமா அரசு அறிவிச்சிருக்கு, அதனால இப்ப கண்ட எடத்துல எறங்கி நடக்குறது, ட்ரோன் விடுறதெல்லாம் வேணவே வேணாம், ரோட்டுலேந்தே நல்லா தெரியும்.

போன உடனே கேமராவ நீட்டாதீங்க. வண்டிய ஓரங்கட்டி, ஆப் பண்ணிட்டு, பத்து நிமிஷம் உள்ளயே உக்காருங்க. கார் நின்னா பறவைங்க கண்டுக்காது, கதவத் தொறந்து அஞ்சு பேரு கலர்கலரா எறங்குனா கண்டுக்கும். பூநாரை தின்னுறதப் பாத்தீங்களா? தலைய தலைகீழா தண்ணிக்குள்ள விட்டு, நாக்கால தண்ணிய உறிஞ்சி உறிஞ்சி வெளிய தள்ளும், அலகுக்குள்ள இருக்குற சல்லடைல பாசியும் குட்டி எறா மாதிரி பூச்சியும் தங்கிரும். புள்ளைங்களுக்கு டீ வடிகட்டின்னு சொன்னா டக்குனு புரியும். அந்தத் தீனிலேந்துதான் ரோஸ் கலரே வருது, குஞ்சா இருக்குறப்ப சாம்பல் கலர்தான், கலர் ஏற வருஷக்கணக்காகும். கூட்டத்துல அழுக்கு வெள்ளையா, கால் கறுப்பா நிக்குறது எல்லாம் இன்னும் வயசுக்கு வராத புள்ளைங்க. எங்க பெரியவன் "அப்ப அது எறா பிரியாணி சாப்ட்டு கலராயிருச்சா"ன்னு கேட்டான், ஏறக்கொறைய அப்படித்தான்னு சொல்லிட்டேன்.

எவ்ளோ கிட்டப் போகலாம்னு கேட்டா மீட்டர் கணக்கெல்லாம் வேணாம், பறவையே சொல்லும். தலைய தண்ணில விட்டு தின்னுட்டு இருந்தா நீங்க இருக்குற எடம் சரி. ஒண்ணொண்ணா தலையத் தூக்கி கழுத்த நீட்டுனா நின்னுக்கோங்க. எல்லாம் சேந்து ஒரே திசைல நடக்க ஆரம்பிச்சா நீங்க ஏற்கெனவே ஜாஸ்தி கிட்ட போயாச்சு, பின்னாடி வாங்க. பறக்குற போட்டோ வேணும்னு கல்லு விட்டு எறியுறவங்களையும் கைதட்டி ஓட்டுறவங்களையும் நானே பாத்திருக்கேன், கேட்டா "ஒரு தடவதானேக்கா"ன்னு சொல்லுவாங்க. அன்னிக்கு வர்ற அம்பது வண்டியும் ஒரு தடவதான் ஓட்டும். அது இங்க வந்திருக்குறதே தின்னு ஒடம்ப தேத்திக்கத்தான், தின்னுற நேரத்துல பாதிய பறக்க வச்சோம்னா எப்படி.

பூநாரைய மட்டும் பாத்துட்டு கெளம்பிராதீங்க, எல்லாரும் அந்தத் தப்பத்தான் பண்றாங்க. அதோட காலடிலதான் நெறைய விஷயம் இருக்கு. சிவப்புக் கால், எப்பயும் பதட்டமா தலைய ஆட்டி ஆட்டி மொதல்ல கத்துறது பவளக்காலி, அது கத்துனா மத்ததெல்லாம் உஷாராயிடும், தெருவுக்கு ஒரு அக்கா இருப்பாங்கல்ல அந்த மாதிரி. அருவா மாதிரி கீழ வளஞ்ச நீட்டு மூக்கு கோட்டான், மேல லேசா நிமிந்த நீட்டு மூக்கு பட்டைவால் மூக்கன். இந்த மூக்கன் பத்தி புள்ளைங்களுக்கு ஒரு கதை சொல்லுங்க, கதையில்ல நெசம்: 2022ல அலாஸ்காலேந்து கெளம்புன ஒரு மூக்கன், பொறந்து அஞ்சு மாசம்தான் ஆகுது, டாஸ்மேனியா வரைக்கும் 13,560 கிலோமீட்டர் எங்கயும் எறங்காம 11 நாள் பறந்திருக்கு, முதுகுல கட்டிவிட்ட குட்டி டிரான்ஸ்மிட்டர் வச்சு கண்டுபிடிச்சாங்க. நம்ம கரைக்கு வர்றது அந்தக் கூட்டம் இல்ல, அதே சாதி. "மதுரைலேந்து இங்க வர்றதுக்குள்ள நீ மூணு எடத்துல நிறுத்தச் சொன்ன"ன்னு பெரியவன நான் இன்னும் ஓட்டிட்டு இருக்கேன். ஆலாக்கள்ல பெரிசு, மொளகாப்பழக் கலர்ல கேரட் மாதிரி தடிச்ச மூக்கு இருந்தா காஸ்பியன் ஆலா. கறுப்பு வெள்ளைல நெட்டைக் காலோட, நண்ட ஒடைக்குறதுக்குன்னே செஞ்ச மாதிரி தடி மூக்கோட ஒண்ணு தெரிஞ்சா கத்தாம மத்தவங்களக் கூப்பிடுங்க, அது கிராப் ப்ளோவர், அடிக்கடி கெடைக்காது, நாங்க மூணு வருஷத்துல ஒரே ஒரு நாள் பாத்தோம். அரபுக் கடலோரத்துல மணல்ல வளை தோண்டி முட்டை வைக்குற பறவை அது. கடற்காகத்துல கண்ணுக்குப் பின்னாடி மை வச்ச மாதிரி ஒரு புள்ளி இருக்குறது பழுப்புத்தலை கடற்காகம், லடாக், திபெத் பக்கம் ஏரில குஞ்சு பொரிச்சுட்டு இங்க வருது. பேருலதான் பழுப்புத்தலை, பனிக்காலத்துல தலை வெள்ளையாத்தான் இருக்கும், நாங்க மொத வருஷம் பழுப்புத் தலையத் தேடித் தேடியே வெறுத்துப்போனோம்.

சாமான் விஷயத்துல ஏமாந்துராதீங்க. பைனாகுலர்ல 8×42ன்னு போட்டிருந்தா 8 மடங்கு பெருசாத் தெரியும், முன்பக்க கண்ணாடி 42 மில்லிமீட்டர்னு அர்த்தம், குடும்பத்துக்கு இதுவே தாராளம். 20 மடங்கு 30 மடங்குன்னு ரோட்டுல விக்குறத வாங்காதீங்க, தனுஷ்கோடிக் காத்துல கை நடுங்குற நடுக்கத்துல பறவையும் சேந்து ஆடும். புள்ளைங்க கைக்கு 8×32 லேசா இருக்கும். ரெண்டு பைனாகுலராவது எடுத்துட்டுப் போங்க, ஒண்ணே ஒண்ணு இருந்தா அங்க பறவை பாக்க முடியாது, பஞ்சாயத்துதான் பாக்கணும். சூரியனப் பாக்கக்கூடாதுன்னு கண்டிப்பா சொல்லிக் குடுங்க. பறவை பேரக் கண்டுபிடிக்க போன்ல மெர்லின்னு ஒரு ஆப் இருக்கு, இலவசம்தான், இந்தியாவுக்கான பறவைப் பேக்க வீட்டு வைபைலயே டவுன்லோட் பண்ணிக்கோங்க, தனுஷ்கோடிப் பக்கம் சிக்னல நம்ப முடியாது. கொடை வேணாம், காத்துல பறந்துபோன எங்க கொடை இன்னும் இலங்கைக்குப் போய்ச் சேந்ததான்னு தெரியல. தொப்பில கயிறு இருக்கணும். தண்ணி, பிஸ்கட், ஒரு போர்வை, சின்னதா மடக்கு ஸ்டூல் ஒண்ணு, அத்தைக்கு. பெட்ரோல் ராமேஸ்வரத்துலயே போட்டுருங்க, தனுஷ்கோடில நெழலும் கெடையாது, பாத்ரூமும் ரொம்ப சொற்பம், அதையும் கெளம்புறப்பவே முடிச்சுக்கோங்க.

வெளிச்சம் முதுகுப்பக்கம் இருக்குற மாதிரி நிக்கணும், எதிர்வெயில்ல எல்லாப் பறவையும் காக்காதான். அப்பறம் புத்தகத்துல எல்லாம் வத்தக்கடல் நேரம் பாத்துப் போங்கன்னு எழுதியிருப்பாங்க, ஆனா இந்தப் பக்கம் கடல் ஏறி எறங்குறது ஒரு மீட்டர் கூட இருக்காது, அதனால காத்து தண்ணிய எந்தப் பக்கம் தள்ளியிருக்குங்குறதுதான் பெருசு. நேத்து சேறா இருந்த எடத்துல இன்னிக்கு தண்ணி நிக்கும், பறவைங்க வேற பக்கம் மாறியிருக்கும். ஒரு நாள் ஒண்ணும் கெடைக்கலன்னா சோந்துபோகாம மறுநாள் இன்னொரு தடவ போங்க, அதுக்குத்தானே நாலு நாள்.

பொங்கல்ல போறவங்களுக்கு சொல்றேன்னு சொன்னேன்ல. வருஷாவருஷம் பொங்கல் நேரத்துல நாலு நாள் தமிழ்நாடு முழுக்க பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்குது, 2015லேந்து. யார் வேணா சேரலாம், ஒரு எடத்துல கொறஞ்சது 15 நிமிஷம் நின்னு பாக்குற பறவைங்கள எண்ணி இபேர்டுல, அதான் பறவைக் கணக்கு பதியுற வெப்சைட்டுல, ஏத்தணும், அவ்ளோதான். தெரியாத பறவைய விட்டுரலாம், காக்கா மைனா எண்ணுனாலும் கணக்குதான். புள்ளைங்களுக்கு இது நல்லா புடிக்கும், வேலை குடுத்த மாதிரி ஆயிடும். பெருங்கூட்டத்த எப்படி எண்றதுன்னா, மொதல்ல பத்த ஒண்ணொண்ணா எண்ணுங்க, அந்தப் பத்து எவ்ளோ எடம் அடைக்குதுன்னு கண்ணால புடிச்சுக்கோங்க, அந்த அளவுல மொத்தத்தயும் துண்டு துண்டாப் போட்டு எண்ணுங்க. எங்க பெரியவன் 340னு சொன்னான், நான் 300னு சொன்னேன், அத்தை "நானூறுக்கு ஒண்ணு கொறயாது"ன்னு சொன்னாங்க. பெரியவன் எண்ணிக்கையப் போட்டோம். கோயில் பக்கம் கூட்டமா இருக்குற அந்த நாள்ல மண்டபம், அரியமான் கரையிலயே எண்ணிக்கலாம், ராமேஸ்வரத்துக்குள்ள போகவே வேணாம்.

சாப்பாட்டப் பத்தி பேசலன்னா எங்க வீட்டுல சேத்துக்க மாட்டாங்க. தைல பனங்கிழங்கு சீசன், ரோட்டோரமா வேகவச்சு கட்டுகட்டா வித்துட்டு இருப்பாங்க, காலைல பறவை பாத்துட்டு திரும்புறப்ப கார்லயே உரிச்சுத் தின்னுட்டு வர்றதுக்கு அதுக்கு மேல ஒண்ணு கெடையாது, நடு நரம்ப எடுத்துட்டு புள்ளைங்களுக்குக் குடுங்க. தனுஷ்கோடிக் கொட்டகைல மீன் பொரிச்சுத் தருவாங்க, முன்னாடியே வெலையக் கேட்டுட்டு, மீனக் கண்ணால பாத்துட்டு பொரிக்கச் சொல்லுங்க. அங்க இருக்குறவங்க குடிக்க எடுக்குற தண்ணி, மணல்ல கொஞ்சம் ஆழமா தோண்டுனா ஊறுற நல்ல தண்ணி ஊத்து, சுத்தி கடலு நடுவுல நல்ல தண்ணி, புள்ளைங்களுக்குக் காட்டுங்க, ஆனா அது அவங்க குடிதண்ணி, கால வச்சு கலக்கிரக் கூடாது. அத்தை சைவம், அவங்களுக்கு கோயில் பக்கத்து மெஸ்ஸுலேந்து பார்சல் வாங்கி வச்சுக்குவோம். மத்தியானம் சாப்ட்டுட்டு எல்லாரும் தூங்குங்க. தூக்கம் வராத புள்ளைய பேக்கரும்புல இருக்குற கலாம் நினைவிடத்துக்குக் கூட்டிட்டுப் போகச்சொல்லி வீட்டுக்காரர அனுப்பிருங்க.

வீட்டுக்குத் திரும்புற நாள் காலைல வெரசா கெளம்பி ராமநாதபுரம் பக்கத்துல சக்கரக்கோட்டை கண்மாய்ல ஒரு மணி நேரம் நிறுத்துங்க. கடல் பறவைக்கும் இதுக்கும் சம்பந்தமே இருக்காது, கருவேல மரம் முழுக்க கூடு, மழை நல்லா பேஞ்ச வருஷம்னா கூழைக்கடா, அரிவாள் மூக்கன், நீர்க்காகம்னு ஒரே இரைச்சலா கெடக்கும், மீன் நாத்தமும் அடிக்கும். இப்ப ராம்சார் பட்டியல்லயும், அதான் உலக அளவுல முக்கியமான ஈரநிலங்க பட்டியல், சேத்துட்டாங்க. தண்ணி இல்லாத வருஷம்னா ஒண்ணும் இருக்காது, அதனால முந்தின நாளே ஓட்டல்ல யாருகிட்டயாவது கண்மாய்ல தண்ணி கெடக்கான்னு விசாரிச்சுக்கோங்க. கூடு இருக்குற மரத்துக்கு அடில போய் நிக்காதீங்க, பறவைக்காக மட்டும் சொல்லல, உங்க சட்டைக்காகவும்தான்.

வீட்டுக்கு வந்ததும் துணிய ஊற வைக்குறதுக்கு முன்னாடி பைனாகுலர எடுங்க. கண்ணாடிய சட்டைத்துணில தொடைச்சா உப்பும் மணலும் சேந்து கீறிடும், மொதல்ல ஊதி, மெல்லிசு பிரஷ்ஷால தட்டிட்டு, லேசா ஈரமான மெத்துத்துணில ஒத்தி எடுத்து, காய வச்சு மூடுங்க. அப்பறம் காரோட அடிப்பக்கத்த நல்ல தண்ணி அடிச்சுக் கழுவச்சொல்லுங்க, உப்புக்காத்து இரும்ப விடாது. சீட்டுக்கு அடில இருக்குற மணலப் பத்தி மட்டும் கவலப்படாதீங்க, எங்க கார்ல போன தை மாசத்து மணலே இன்னும் போகல.